வடக்கே ஏரி உறைந்தால் மோயின்ஜிக்கு அரிய வாத்துகள் வருமா?

பெகுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் பெகுவுக்கு வடக்கே, பழைய மண்டலே சாலைக்குக் கிழக்கில் இருக்கும் மோயின்ஜி ஏரிக்குக் குளிர்காலம்தோறும் பறவை பார்க்கப் போகிறவன் நான். சீழ்க்கைச் சிறகி, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, குள்ளத்தாரா, நாமக்கோழி ஆகியவற்றை இப்போது தயக்கமில்லாமல் இனம் சொல்லிவிட முடிகிறது. இவற்றுக்கு நடுவே எப்போதாவது வந்து சேரும் அரிய வாத்துகளை, முக்கியமாகப் பேயர் போச்சார்டை, எந்த நாட்களில், எங்கே நின்று தேடுவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

குளிர் நாடுகளில் பறவை பார்ப்பவர்களின் குறிப்புகளைப் படிக்கும்போது ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. குளிர்காலத் தொடக்கத்தில் ஏரிகள் கரையிலிருந்து உள்நோக்கி உறைந்துகொண்டே போகும்போது, எஞ்சிய கொஞ்ச நீரில் வாத்துகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் என்றும், வழக்கமாகக் கண்ணில் படாத இனங்கள் அந்தச் சில நாட்களில்தான் வெளிப்படும் என்றும் எழுதுகிறார்கள். நம் நாட்டில் காக்கபோராசி மலைப்பக்கத்துச் சுனைகளை விட்டால் உறைகிற நீர்நிலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் நம்மிடம் வரும் வாத்துகள் உறைகிற ஏரிகளிலிருந்துதானே வருகின்றன? அப்படியானால் அங்கே ஏரி உறையும் நாளைக் கவனித்து, அதிலிருந்து இத்தனை நாளில் இங்கே வந்துவிடும் என்று கணக்குப் போட முடியுமா? கைப்பேசியில், ரஷ்ய-சீன எல்லையில் ஓடும் அமூர் ஆற்றுப் பகுதியின் வெப்பநிலையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். அதனால் பயன் உண்டா, இல்லையா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. சென்ற மார்கழியில் ஃபெருஜினஸ் வாத்துகளின் கூட்டம் ஒன்றின் ஓரத்தில், தலை மட்டும் கறுப்பாகத் தெரிந்த ஒரு பறவையைப் பார்த்தேன். கண் வெள்ளை. அது பேயர் போச்சார்டாக இருந்திருக்குமா?

நாரைப்பித்தன் (ரங்கூன்) எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு நேரடியான பதில்: பெரும்பாலான வாத்துகளின் வருகையை உறைபனியின் நாளைக் கொண்டு கணிக்க முடியாது. ஆனால் நீங்கள் கேட்டதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் ஏரி எப்படி உறைகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த வாத்து எப்போது கிளம்பும் என்பதற்கான விடை அதில்தான் இருக்கிறது. நன்னீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்க, அடிநீர் மேலே வர, ஏரி முழுவதும் 4 பாகைக்கு வரும்வரை இந்தச் சுழற்சி நடந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலும் குளிரும் நீர் லேசாகிவிடுவதால் மேலேயே தங்கி, காற்று அடங்கிய ஓர் இரவில் உறைந்துவிடும். ஆழமான ஏரிக்கு இந்தச் சுழற்சியை முடிக்கப் பல வாரம் பிடிக்கும். முழங்காலளவு நீருக்குச் சில இரவுகள் போதும். அதனால்தான் கரையோரமும் சதுப்பும் முதலில் உறைகின்றன, நடு ஏரியும் ஓடை வந்து விழும் இடமும் கடைசிவரை திறந்திருக்கின்றன. உப்பு நீர் இன்னும் தாமதமாக உறையும். 3,200 மீட்டர் உயரத்தில் இருந்தும் சீனத்துச் சிங்ஹாய் ஏரி டிசம்பர் வரை தாக்குப்பிடிப்பதற்கு அதன் உப்பும் ஒரு காரணம்.

இப்போது வாத்துகளுக்கு வருவோம். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் முழுக்குப் போடாமல், வாலை மேலே தூக்கித் தலையை நீருக்குள் விட்டு மேய்பவை. கழுத்து எட்டுகிற ஆழம்தான் அவற்றின் சாப்பாட்டுத் தட்டு. ஓரம் உறைந்தால் அவற்றுக்குச் சோறு கிடையாது. போச்சார்டு வகைகள் முழுகி அடித்தரையில் மேய்பவை என்பதால் நடு நீர் திறந்திருக்கும்வரை தங்கிவிட முடியும். ஆகவே உறைகிற ஏரியிலிருந்து முதலில் மேய்ச்சல் வாத்துகளும் பிறகு முழுகு வாத்துகளும் வெளியேறுவது இயல்பு. நீங்கள் படித்த குறிப்புகளில் வரும் நெரிசல் இந்தக் கடைசிக் கட்டத்தில் ஏற்படுவது. பத்துச் சதுர மைலில் சிதறிக் கிடந்த பறவைகள் ஒரு வயல் அளவு நீரில் வந்து சேரும்போது, அவற்றில் ஒன்றிரண்டு அரியவை இருந்தால் யார் கண்ணுக்கும் தப்பாது.

ஆனால் நம் கரைக்கு வருகிற பறவைகளில் பெரும்பகுதி பனிக்கட்டியைப் பார்க்கும்வரை காத்திருந்து கிளம்பியவை அல்ல. பகற்பொழுது சுருங்குவதை உணர்ந்து, உடலில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு, நல்ல வடகாற்று கிடைத்த இரவில் புறப்பட்டுவிடுகின்றன. நீலச்சிறகியையே பாருங்கள்: அது செப்டம்பரிலேயே தென்னாசிய நீர்நிலைகளில் தலைகாட்டிவிடும். அந்த மாதத்தில் வடக்கே எந்தத் தாழ்நில ஏரியும் உறைந்திருக்காது. பனி விரட்டுவது பின்தங்கியவற்றை மட்டும்தான், அவையும் கிட்டத்தில் திறந்த நீர் கிடைத்தால் அங்கேயே நின்றுவிடும்.

பேயர் போச்சார்டு விஷயத்தில் இது இன்னும் தெளிவு. ஒரு காலத்தில் அமூர், உசுரி ஆற்றுப்படுகைகளில் பரவலாகக் குஞ்சு பொரித்த இனம் அது. இப்போது அங்கே மிகவும் அருகிப்போய், ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுயி போன்ற சீன ஏரிகள்தான் அதன் முக்கியக் கூடுகட்டும் இடங்களாகிவிட்டன. அங்கிருந்து யாங்சி ஆற்றோரத்து ஏரிகள் அதிகத் தொலைவில் இல்லை. அந்த ஏரிகள் பெரும்பாலும் உறைவதில்லை என்பதால் மிகுதியான பறவைகள் குளிர்காலத்தை அங்கேயே கழித்துவிடுகின்றன. நம் நாடு, வங்கதேசம், வடகிழக்கு இந்தியா, தாய்லாந்து ஆகியவை அதன் குளிர்கால எல்லையின் ஓரங்கள். உலகம் முழுவதும் 150 முதல் 700 வரையிலான முதிர்ந்த பறவைகளே எஞ்சியிருக்கலாம் என்று மதிப்பிட்டு, 2012இல் அதை மிக அபாய நிலைப் பட்டியலில் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்று மோயின்ஜிக்கு வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அமூரின் வெப்பநிலைக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

இரண்டாம் கேள்விக்குப் பதில் சொல்ல, பறவையைப் பார்த்த நேரமும் திசையும் தெரிய வேண்டும். கரையில் எங்கே நின்றீர்கள், சூரியன் எங்கே இருந்தது, பறவையின் விலாப்பக்கம் தெரிந்ததா?

மீட்கினா மகள் எழுதியது:

நாரைப்பித்தன் ஐயா சொன்னதை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அது வாத்துகளுக்குப் பொருந்தும் அளவுக்கு வரித்தலை வாத்துக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். பெயரில் வாத்து என்று இருந்தாலும் அது பெரிய தாரா இனம், புல்மேய்வது. திபெத்திலும் மங்கோலியாவிலும் சிங்ஹாய் ஏரிக்கரையிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைத் தாண்டி வருகிறது. பறக்கும்போது 7,000 மீட்டருக்கும் மேலே பதிவாகியிருக்கிறது. அந்த மெல்லிய காற்றிலிருந்தும் உயிர்வாயுவை இறுகப் பற்றிக்கொள்ளும் இரத்தம் அதற்கு வாய்த்திருக்கிறது. அப்படிப்பட்ட பறவைக்குத் தெற்கே வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பல்லாயிரக்கணக்கானவை லாசாவைச் சுற்றியுள்ள ஆற்றுப் பள்ளத்தாக்குகளில், அறுவடை முடிந்த வாற்கோதுமை வயல்களைப் பொறுக்கித் தின்றுகொண்டே குளிரைக் கழித்துவிடுகின்றன. வயலைப் பனி மூடினால் மேய்ச்சல் போய்விடும், அவை தெற்கே இறங்க வேண்டியிருக்கும். மேட்டுநிலத்துக் குளிர் எங்கள் ஊர் ஐராவதியின் மணல்திட்டுகளில் எதிரொலிக்கிறது என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம். இது என் கணிப்பு மட்டுமே. தம்பி அமூருக்குப் பதிலாகத் திபெத்தின் வானிலையைப் பார்க்கலாமே என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிய நீர்ப்பறவை என்றால் எல்லோரும் ஏரியையே நினைக்கிறார்கள். மழைக்காலத்து வெள்ளம் வடிந்து, ஐராவதியில் மணல்திட்டுகள் தலைதூக்கும் நவம்பர் முதல் கருடத்தாராக்கள் வந்து நிறைந்துவிடும். செம்மஞ்சள் உடலும் வெளிறிய தலையுமாக, பெரும்பாலும் இணை இணையாக நிற்கும். பெகு நகரத்தின் சின்னமான ஹிந்தாப் பறவை இதுதான் என்று பர்மியர் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது அரிய பறவை இல்லை, ஆனால் அந்தத் திட்டுகளில் நிற்கும் கூட்டத்தைப் பொறுமையாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொலைநோக்கியில் வருடிக்கொண்டு போனால், இடையில் வரித்தலையோ வேறு எதுவோ ஒளிந்திருக்கும். அலையடிக்காத இடத்தில் பறவைகள் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்குகின்றன என்பதால், ஒரே கூட்டத்தை ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பார்ப்பது எப்போதும் பலன் தரும். தூங்கும் வாத்தை அடையாளம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இந்தோஜி ஏரியைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நாட்டின் மிகப் பெரிய ஏரி, வடக்கு தெற்காகச் சுமார் 15 மைல் நீளம், 2016இல் ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் சாம்பல் தாராக்களும் முழுகு வாத்துகளும் பெருங்கூட்டமாக வரும் இடம். பேயர் போச்சார்டு அங்கே பதிவாகியிருக்கிறது. வாய்ப்பு மோயின்ஜியைவிட அங்கேதான் அதிகம் என்றாலும், இன்றைய நிலையில் பறவை பார்ப்பதற்காக அந்தப் பாதையில் போகும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இளஞ்சிவப்புத் தலை வாத்தைப் பற்றிய கதைகளும் அந்தப் பக்கத்தில்தான் உலவுகின்றன. பர்மாவில் அது கடைசியாக உறுதிப்பட்டது 1910இல், இந்தியாவில் 1935இல். 2017இல் இந்தோஜிப் பகுதியில் தேடிய குழுவுக்கும் கிடைக்கவில்லை. அது வடக்கேயிருந்து வலசை வந்த பறவையும் அல்ல. உயரமான புல் சூழ்ந்த தாழ்நிலச் சதுப்புகளில் வாழ்ந்தது. எனவே உறைபனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிவந்த கொண்டையுள்ள போச்சார்டை மாலை வெயிலில் பார்த்துவிட்டு ஆளுக்கொரு செய்தி கிளப்புவதுதான் மிச்சம்.

கழனிக்காரர் (வாவ்) எழுதியது:

நான் பறவை ஆராய்ச்சி செய்தவன் இல்லை. ஏரியின் கிழக்கே நெல் பயிரிடுகிறவன். ஆனால் மோயின்ஜியின் நீரை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதால், மேலே யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உறைகிற ஏரியில் பறவைகள் ஓரிடத்தில் நெருங்கி நிற்பதால் அரியவை தெரியவருகின்றன என்கிறீர்கள். அந்த நெருக்கம் நம் ஏரியிலும் உண்டாகிறது, ஆனால் வேறு மாதத்தில், வேறு காரணத்தால். மோயின்ஜி இயற்கையான ஏரி அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் பெகு, சித்தாங் கால்வாய்க்கு நீர் தேக்கக் கட்டிய அணைக்கட்டு அது. பரப்பு ஏறத்தாழ 40 சதுர மைல். 2004இல் இந்த நாட்டின் முதல் ராம்சார் தலமாக அறிவித்தார்கள். தடிங்ஜுத் விளக்குத் திருநாளை ஒட்டி ஏரி விளிம்புவரை நிறைந்து, அல்லியும் நாணலும் மிதக்கும் புல்திட்டும் எங்கும் பரந்து கிடக்கும். அந்த நிலையில் வாத்துகளுக்கு எங்கே வேண்டுமானாலும் இடம் உண்டு. ஒளிந்துகொள்ளவும் வசதி உண்டு. நவம்பரில் வந்து தேடுகிறவர்கள் சீழ்க்கைச் சிறகியைத் தவிர எதையும் ஒழுங்காகப் பார்க்காமல் திரும்புவதற்கு அதுதான் காரணம்.

மழை நின்ற பிறகு நீர் இறங்கத் தொடங்குகிறது. தை பிறக்கும்போது கோடை நெல்லுக்காக மதகு திறப்பார்கள். நீர் வடிய வடிய, விளிம்பில் வெளிப்படும் சேற்றில் சுற்று வட்டாரத்தார் நாற்று நடுவார்கள். வாத்துகள் பின்வாங்கிப் பின்வாங்கி நடுப்பகுதியின் ஆழமான நீருக்குப் போய்ச் சேரும். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் அந்த இடத்தில் நிற்கும் பறவைகளைப் பார்த்தால், நவம்பரில் இவ்வளவும் எங்கே இருந்தன என்று தோன்றும். முழுகி மேயும் வாத்துகளுக்கு ஆழம் வேண்டும் என்று நாரைப்பித்தன் ஐயா எழுதியிருப்பதால், அவற்றுக்குப் போக்கிடம் இன்னும் குறைவு என்பது தெளிவாகிறது. எனவே அமூரின் வெப்பநிலையை விட்டுவிட்டு, மதகு எப்போது திறக்கிறது என்று கிராமத்தில் யாரையாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மதகு தாமதமாகத் திறக்கும் ஆண்டும் உண்டு. வடகிழக்குப் பருவத்தில் புயல் மழை வந்துவிட்டால் டிசம்பரிலும் நீர் ஏறும், எல்லாம் தள்ளிப்போகும். தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு வருவதைவிட, சேறு தெரிகிறதா என்று கேட்டுவிட்டு வருவது மேல்.

படகு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். நீண்ட தண்டு மோட்டார் படகில் கூட்டத்தை நோக்கி நேராக ஓட்டிப்போய், பறவைகள் எழும்புவதைப் படம் பிடிப்பதுதான் சுற்றுலா வருகிறவர்களுக்குப் பிடித்திருக்கிறது. எழும்பிய வாத்துகள் ஏரியின் மறுகோடியில் போய் இறங்கும், அன்றைக்கு உங்கள் தேடல் முடிந்தது. மோட்டாரைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, கோல் ஊன்றி மெல்லப் போகும்படி படகுக்காரரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நேரம் கூடுதலாக ஆகும் என்பதால் கூலியையும் சேர்த்துப் பேசிவிடுவதுதான் முறை.

பெகுக்காரன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கழனிக்காரர் ஐயா சொன்னது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. நான் நவம்பர், டிசம்பரிலேயே ஏரியைச் சுற்றிவிட்டு, பொங்கலோடு அந்த ஆண்டுக்கு முடித்துக்கொள்கிறவன்.

நாரைப்பித்தன் ஐயாவின் கேள்விகளுக்குப் பதில்: நேரம் காலை ஏழரை இருக்கும். மேற்குக் கரையின் அணைமேட்டில் நின்றிருந்தேன். மூடுபனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. பறவை தொலைவில், பக்கவாட்டில் நீந்திக்கொண்டிருந்தது. தலை கறுப்பு, கண் வெள்ளை, வாலின் அடிப்புறம் பளிச்சென்ற வெள்ளை. விலாவில் வெள்ளை ஏதும் நினைவில்லை. மார்பு கரும்பழுப்பு. ஒருமுறை சிறகை விரித்து உதறியபோது அகலமான வெள்ளைப் பட்டை தெரிந்தது. என்னிடம் 8 மடங்கு பெருக்கும் கைத் தொலைநோக்கிதான் இருந்தது.

நாரைப்பித்தன் எழுதியது:

இவ்வளவு விவரமாகக் குறித்து வைத்திருப்பது பாராட்டத்தக்கது, தம்பி. பலர் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பறவையை எழுதுவதில்லை.

நீங்கள் பார்த்தது ஃபெருஜினஸ் ஆண் பறவை என்றே நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன். காலை ஏழரைக்கு மேற்குக் கரையில் நின்றால் சூரியன் நேர் எதிரே. எதிர்வெளிச்சத்தில் ஃபெருஜினஸின் செம்பழுப்புத் தலை கறுத்துத்தான் தெரியும். இரண்டு இனத்து ஆணுக்கும் கண் வெள்ளை, வாலடி வெள்ளை, சிறகில் அகலமான வெள்ளைப் பட்டை. ஆகவே நீங்கள் கண்ட இந்த மூன்றும் இரண்டையும் பிரிக்க உதவாதவை. பிரித்துக் காட்டுவது விலாப்புறம்தான். பேயர் போச்சார்டில் வயிற்றின் வெள்ளை மேலேறி, விலாவின் முன்பகுதியில் நீர்மட்டத்துக்கு மேல் ஒரு வெண்திட்டாகத் தெரியும். நீந்தும் ஃபெருஜினஸில் விலா முழுவதும் ஒரே செம்பழுப்பு. பறவை நீரில் தாழ்ந்து மிதக்கும்போது அந்தத் திட்டு மறைந்துவிடுவதும் உண்டு, அதனால் முழுகி எழும் தருணத்தில் கவனிக்க வேண்டும்.

அடுத்தது தலையின் வடிவம். ஃபெருஜினஸின் உச்சந்தலை கூம்பி நிற்கும். பேயர் போச்சார்டின் தலை பெரிது, உருண்டது, நெற்றி சரிந்து நீளமான அலகோடு சேரும். நிறத்தை வெளிச்சம் மாற்றிவிடும், வடிவத்தை அவ்வளவு எளிதில் மாற்றாது. எனவே மங்கிய ஒளியில் நான் முதலில் பார்ப்பது வடிவத்தைத்தான். நல்ல வெயிலில், முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்போது, பேயர் போச்சார்டு ஆணின் கருந்தலையில் பச்சை மினுக்கம் ஓடும். அதன் கீழே மார்பு மட்டும் செம்பழுப்பாகத் தனித்துத் தெரியும். தலையும் மார்பும் ஒரே நிறமாக இருந்தால் ஃபெருஜினஸ் பக்கம் சாயுங்கள். பேயர் போச்சார்டின் பெண் பறவையில் கண் கறுப்பு, கன்னம் கருத்து, அலகின் அடியில் மட்டும் ஒரு செம்பழுப்புப் புள்ளி இருக்கும்.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த இரு இனங்களும் கலந்து குஞ்சு பொரித்த கலப்புப் பறவைகள் இயற்கையிலேயே இருக்கின்றன. தலையில் பச்சை மினுக்கமும் விலாவில் பழுப்பு கலந்த அரைகுறை வெள்ளையும் உள்ள பறவையைப் பார்த்தால், பெயர் சூட்டாமல் விவரத்தை மட்டும் எழுதிவிடுவதே நேர்மை. தூய பறவைகள் குறைந்துகொண்டே வரும் இனத்தில் இணை கிடைக்காமல் அயல் இனத்தோடு சேர்வது கூடிக்கொண்டுதான் போகும்; அந்த வகையில் கலப்புப் பறவையின் பதிவும் ஆராய்ச்சியாளருக்குப் பயனுள்ள செய்திதான்.

கழனிக்காரர் ஐயாவின் யோசனைக்கு ஆதரவாக இன்னொரு காரணமும் சேர்க்கிறேன். ஆண் வாத்துகள் குஞ்சுக் காலம் முடிந்ததும் பளபளப்பான இறகுகளை உதிர்த்து, பெண் பறவையைப் போல மங்கிய கோலத்துக்கு மாறிவிடும். புது இறகு முளைத்து முழு நிறம் திரும்ப நவம்பர், டிசம்பர் ஆகிவிடும். அக்டோபரில் வந்து இறங்கும் கூட்டத்தில் ஆணையும் பெண்ணையும் பிரிப்பதே பெரும் பாடு. இளம் பறவைகளோ கண்ணின் நிறம்கூட மாறாமல் கருங்கண்ணோடு இருக்கும். ஜனவரி கடைசியில் அதே கூட்டத்தைப் பார்த்தால் எல்லாம் முழு அலங்காரத்தில் நிற்கும். நீர் வடிந்து பறவை நெருங்குவதும் அதே மாதம்தான்.

விடியற்காலையில்தான் பறவை பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தையும் மோயின்ஜியில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் நிற்பதாக இருந்தால் மதியம் இரண்டரைக்குப் பிறகு போங்கள். சூரியன் உங்கள் பின்னால் வந்துவிடும், மூடுபனியும் இருக்காது. வெப்ப அலை நீர்மேல் நெளிவது மூன்றரைக்குள் அடங்கிவிடும். அதிலிருந்து அந்தி வரையிலான நேரம்தான் தலையின் நிறத்தை நம்பக்கூடிய நேரம். காலையில்தான் போக முடியும் என்றால் படகில் ஏறிக் கூட்டத்துக்குக் கிழக்கே போய்விடுங்கள். முடிந்தால் முக்காலியில் பொருத்தும் ஒற்றைக் குழல் தொலைநோக்கி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்; 8 மடங்குக் கண்ணாடியில் அரை மைல் தொலைவிலிருக்கும் விலாத் திட்டைப் பார்ப்பது இயலாத காரியம்.

மீட்கினா மகள் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் நடக்கிறது, தன்னார்வலர்கள்தான் எண்ணுகிறார்கள். அதில் சேர்ந்துகொண்டால், பெருங்கூட்டத்தை எண்ணிப் பழகியவர்களின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம். ஒரு கூட்டத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்தின் அகலத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு மீதியை அளப்பது போன்ற எளிய வழிகள் எல்லாம் நேரில் பார்த்தால்தான் கைவரும்.

பேயர் போச்சார்டு உண்மையிலேயே கிடைத்துவிட்டால், அது எந்த மூலையில் நிற்கிறது என்பதை அன்றைக்கே முகநூலில் போட்டுவிடாதீர்கள். வாத்து இறைச்சிக்கு விலை இருக்கிறது. வலைக்கும் நஞ்சு தடவிய தானியத்துக்கும் அரியது, சாதாரணமானது என்ற வேறுபாடு தெரியாது. 2018ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்றாலும், இரவில் ஏரி நடுவில் யார் போய்ப் பார்க்கிறார்கள்?

கழனிக்காரர் எழுதியது:

அக்கா சொன்னது சரி. வலை வைக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடை நெல் நாற்றை வாத்துகள் மிதித்துக் கெடுத்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கும் கோபம் வரும். அந்த வயல்களின் வரப்பில் நடக்கும்போது உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்தால், எங்கே வாத்து இறங்குகிறது என்று அவரே காட்டுவார்.

பெகுக்காரன் தம்பிக்கு: இந்த ஆண்டு நீர் இன்னும் உயரமாகத்தான் இருக்கிறது, கிழக்கு விளிம்பில் சேறு தெரியவில்லை. மதகு திறந்ததும் இதே இழையில் எழுதுகிறேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் விட்டு வாருங்கள்.